இசபெல் எழுதிய நாலு வரி

இசபெல்லுக்குப் பேனா எடுப்பதென்றாலே இளக்காரம். மீனவர் சங்க ஆபீசில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். படகுக்காரர்களின் பட்டியலை எக்செலில் போட்டு அச்சடிக்கும் புரோகிராமையும் அவளே எழுதியிருந்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் அவசரக்காரி. பட்டியல் அச்சாகி முடிந்த பிறகும் எக்செல் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே கிடக்கும், கம்ப்யூட்டர் திணறும். தன் புரோகிராம் திறந்தது எது என்று பார்த்து அதை மட்டும் மூடியிருக்கலாம். அதற்கு யாருக்குப் பொறுமை! பட்டியல் அச்சானதும் ஓடுகிற எக்செல் அத்தனையையும் கண்டுபிடி, சேமிக்கவா என்று கேட்காமல் மூடு என்று நாலு வரி எழுதிப்போட்டாள். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

2017-இல் புயலடித்த மூன்றாம் நாள், கடலில் வேறொரு படகிலிருந்து மரியானின் குரல் வயர்லெசில் வந்தது.

"ஷிஜினுக்க போட்டை பாத்தேன். எஞ்சின் போச்சு, ஏழு பேரும் உயிரோட உண்டு. கயிறு எறிய காத்து விடல்ல. இடத்த குறிச்சுக்கோ மக்கா!"

இடத்தைக் குறிக்க அவள் புரோகிராமில் கட்டம் இல்லை. வெறும் எக்செல் தாளைத் திறந்து டிகிரி, மினிட் என்று தட்டினாள். பக்கத்தில் நின்ற ஷிஜினின் மனைவி பிரிஜா, "மாதாவே, உண்டு, உண்டு" என்று நெஞ்சில் அடித்து அழுதாள். வயர்லெஸ் அடங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து ஒரு அதிகாரி உள்ளே வந்தார். "காணாமப் போனவங்க லிஸ்ட் குடும்மா, சீக்கிரம்!"

இசபெல் பட்டனை அழுத்தினாள். பட்டியல் வந்தது. எக்செல் தாள் போய்விட்டது.

"ஏட்டி, அந்த நம்பர் எங்க?" என்றாள் பிரிஜா.

"கம்ப்யூட்டர் தானா நின்னுபோச்சு, அக்கா." அடுத்த நொடியே வந்துவிட்டது அந்தப் பொய். மரியானைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது, வெறும் இரைச்சல்தான் கேட்டது. டிகிரி நினைவிருந்தது, மினிட் இல்லை. மினிட் இல்லையென்றால் தேடவேண்டியது அறுபது மைலுக்கு அறுபது மைல் கடல். ஹெலிகாப்டர் இரண்டு நாள் சுற்றிவிட்டு வெறுமனே திரும்பியது. மரியான் கரையேறியபோது நாலு நாள் கடந்திருந்தது, இனி அந்த இடத்தில் என்ன இருக்கும்?

ஏழு பேருக்கும் நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் இசபெல் தேம்பித் தேம்பி அழுதாள். பிரிஜா வந்து கட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்குட்டி அழுவுற? மெஷின் செஞ்சதுக்கு நீ என்ன செய்வ? அன்னைக்கு எனக்காவ தொண்டை கிழிய கூப்பிட்டியே, அத நான் மறக்கமாட்டேன்."

பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிரிஜா தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.