பஸ்ஸை நிறுத்திய அட்டை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் அந்த அம்மாள் எனக்கு முன் சீட்டில் இருந்தார். குள்ளமான உருவம், கால் தரையில் படவில்லை. கையில் இருந்த அட்டையை அடிக்கடி சரேலென்று தலைக்கு மேல் தூக்குவார், இறக்குவார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நின்றது.

“இன்னாம்மா, எறங்கலியா?”

“ஐயோ, இல்லப்பா! பழகிக்கிறேன். அடுத்த வாரம் வெளிநாட்டுல இயற்கைப் பாதுகாப்புக் கூட்டம். நாட்டுப் பேர் போட்ட அட்டையைத் தூக்கினாத்தான் பேச விடுவாங்க. அங்க நம்ம நாட்டு அட்டை என் கையில. முன்னாடி உசரமான ஆள் உக்காந்துட்டா?”

“இன்னா பேசப் போறே?”

“அயனம்பாக்கம் ஏரிக்குக் குளிர்காலத்துல வாத்து வருதில்ல? வழியில எந்த நாட்டுலயும் அதைச் சுடக் கூடாதுன்னு கேக்கணும். நாம மட்டும் காப்பாத்தினா போதுமா?”

கண்டக்டர் டிரைவர் பக்கம் ஓடினார். “இப்ப தூக்கும்மா! தெர்ல! இன்னும் மேல!”

அம்மாள் சீட்டை விட்டு எழுந்து, நுனிக்காலில் நின்று தூக்கினார்.

“சூப்பரா தெரியுதும்மா!”

பஸ்ஸே கை தட்டியது. நான் விசிலே அடித்தேன்.

அந்த வெளிநாட்டுக் கூட்டத்தில் அவர் அட்டை யார் கண்ணிலாவது பட்டதா, தெரியாது. இந்தக் குளிர்காலத்தில் ஏரிக்கரைச் சாலையில் நடக்கும்போது, தலைக்கு மேல் வாத்துக் கூட்டம் வந்து தண்ணீரில் இறங்கியது. என் கை சரேலென்று மேலே போயிற்று.

பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது.