நடுவில் நின்று கதைத்தவள்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று கதை மாற்றிச் சொல்கிறவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஏச்சு விழும். மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் நின்று பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அதுவே உத்தியோகமாகவும் அமைந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவில், ஸ்காபரோ நகரின் வோபர்ன் பக்கத்துச் சமூக நிலையம் ஒன்றில் வேலை. புதிதாக வந்தவர்களையும் முன்பே இருந்தவர்களையும் ஒருவரோடொருவர் பழகவைக்க வேண்டும். எப்படி என்று என் மேலாளர் டொறீனிடம் கேட்டேன். அவரும் ஜமேக்காவிலிருந்து வந்தவர்தான். "முதலில் கதவைத் தட்டு. மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்" என்றார்.

கொஞ்சம் கவலை

சிவபாலன் அண்ணையின் மகள் கனடாவுக்கு வந்து மூன்று மாதம். வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று பிள்ளையை ஒரு வகுப்பு கீழே இறக்க ஆசிரியை யோசித்தார். அதைச் சொல்லத் தந்தையைக் கூப்பிட்டார், மொழிபெயர்க்க என்னை. நான் சொல்லி முடிக்க முதலே அண்ணை எழும்பிவிட்டார். "அகதிக் காம்பில மரத்துக்குக் கீழ இருந்து படிச்சும் முதலாம் பிள்ளையா வந்தவள். விளங்காமலோ அவள் கதைக்காமல் இருக்கிறாள்? பிழையாக் கதைச்சால் சிரிப்பினம் எண்ட பயமெல்லோ!" இன்னும் நிறையச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்த இடத்தில் ஏன் பகை என்று நான் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னேன்: "தந்தைக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். சொன்னது முழுவதையும் சொல்லுங்கள்." வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை அதே வகுப்பில் இருக்கட்டும், வாய்விட்டுப் படிக்கத் தானே தனியாகப் பழக்குகிறேன் என்றார் அவர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணை மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, எனக்கு இங்கிலீஸ் கதைக்கத்தான் வராது. கேட்டால் விளங்கும்."

வாசலில் சப்பாத்து

பக்கத்து அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் ஹரல்ட் என்று ஒரு வயதானவர், தனி ஆள். தமிழ் வீடுகளின் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகள் காலில் தடக்குகின்றன என்று கட்டடப் பொறுப்பாளருக்கு ஓயாமல் முறைப்பாடு. அவருடைய முன்வீடு பிலோமினா அக்கா, மன்னார்க்காரி, ஐந்து பேர் குடும்பம். நான் போய், "உள்ளுக்கை வையுங்கோ அக்கா" என்பேன். இரண்டு நாள் உள்ளே இருக்கும். மூன்றாம் நாள் திரும்ப வெளியே.

ஒரு பெப்ரவரி மாதம், மத்தியானமாகியும் காலைப் பேப்பர் ஹரல்டின் வாசலில் கிடந்ததைக் கண்டது அந்த அக்காதான். தட்டினார், பதில் இல்லை. பொறுப்பாளரை இழுத்துவந்து கதவைத் திறக்கவைத்தார். குளியலறையில் இடுப்பு முறிந்து கிடந்தார் மனுசன். ஆஸ்பத்திரிக்கு அக்கா சூப் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்: "நன்றி என்று சொல்லு. சப்பாத்து விஷயத்தில் நான் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லு."

பெண்களுக்கு ஒரு மணித்தியாலம்

எங்கள் நிலையத்து நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் வாரம் ஒரு மணித்தியாலம் கேட்டு முதலில் கடிதத்தோடு வந்தவர் ஹோடன் என்ற சோமாலியப் பெண். எங்கள் தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேரும் அதில் பெயரெழுதிச் சேர்ந்துகொண்டார்கள். குளத்துப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே குளம், வந்தவர்களுக்குத் தனிச் சலுகை கிடையாது என்றார். அடுத்த கிழமை, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து கடிதத்தில் தன் பெயரையும் எழுதினார். மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் யார் முன்னாலும் நீந்தக் கூசுகிறது என்றார். அதன்பிறகு பொறுப்பாளர் அந்த ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கித் தந்தார்.

முதல் நாள் கண்ணாடிச் சுவர் முழுக்கப் படுக்கை விரிப்புகளைக் கட்டினோம். எங்கள் எட்டுப் பேரில் மூத்தவரான புஷ்பம் அன்ரி கம்பியைப் பிடித்தபடி படியிலேயே நின்றார். ஹோடன் இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினார். கழுத்துவரை வந்ததும் அன்ரி என்னைப் பார்த்துக் கத்தினார்: "நான் நெடுந்தீவில பிறந்தனான், நாலு பக்கமும் கடல். தண்ணிக்கை இறங்கினது இண்டைக்குத்தான்!"

எந்தக் கொடி?

கோடையில் பக்கத்து அடுக்குமாடிக்காரர் எல்லோருக்கும் ஒரு விருந்து வைத்தோம். மேசைக்கு மேசை அந்தந்த நாட்டுக் கொடி வைப்பதென்பது என் யோசனை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். தமிழ் மேசைக்குப் பொறுப்பு அம்பலவாணர் அங்கிள். "எதைப் பிள்ளை வைக்கிறது?" என்றார். "சிங்கக் கொடிக்குப் பயந்துதான் ஓடிவந்தனாங்கள். மற்றதை வைச்சால் எங்களுக்குள்ளயே சண்டை வரும்." பக்கத்து மேசை ஈரானியக் குடும்பமும் பழைய கொடியா, புதியதா என்று தங்களுக்குள் முறுகிக்கொண்டு நின்றது.

டொறீன் என் முகத்தைப் பார்த்தார். வைத்திருந்த கொடிகளையெல்லாம் பெட்டியில் போட்டார். அட்டைகளில் மாடி எண்களை எழுதினார். ஒரே மாடிக்காரர் ஒரே மேசை. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு சனம் இடம் மாறியது. அங்கிளின் வடைக்குப் பக்கத்தில் ஈரானியச் சோறு வந்து அமர்ந்தது. நகரசபையிலிருந்து வந்தவர் ஒவ்வொரு மேசையாக நின்று, "இது எந்த நாடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அங்கிள் எழும்பி, தட்டை நீட்டினார்: "நாங்கள் நைன்த் ஃபுளோர், சேர். வடை ஆறுது, எடுங்கோ."

பல இனத்தவரை ஒன்றுசேர்ப்பவர் என்று என் அறைக் கதவில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் தாங்களாகச் சேர்ந்தபோதெல்லாம் நான் அவசரமாகப் போய் உட்காரக் கதிரை மட்டும் எடுத்துப் போட்டேன்.