தொந்தியப்பனின் நீலம்

அஞ்சலை முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் கூண்டறைக்குள் காலெடுத்து வைப்பாள். பார்க்க ஆளில்லாவிட்டாலும் உதறுவாள். பிறகு கை கழுவுவாள், சோப்புக்கட்டி பாதியாகும்வரை. அதற்குள் உள்ளே தொந்தியப்பன் தகரத் தட்டைத் தட்டத் தொடங்கிவிடுவான். "இரு லா, வர்றேன்! ஒனக்கு மட்டுந்தான் பசிக்குதா?" என்று வெளியிலிருந்தே அதட்டுவாள்.

தொந்தியப்பன் ஒரு குரங்கு. மலாக்காப் பக்கம் புக்கிட் காத்தில் என்ற ஊரின் தோப்பில் தேங்காய் பறித்தவன். வயதானதும் காஜா பெராங் தெருக் காப்பிக்கடை வாசலில் கட்டிப்போட்டார்கள். வந்தவன் போனவனெல்லாம் டின்பால் காப்பியும் பலகாரமும் ஊட்டி ஊட்டி, உடம்பு பெருத்து, நம் ஆட்களைப் போலவே இனிப்பு நீர் வியாதியையும் வாங்கிக்கொண்டான். ஊசி போட்டு வரவழைத்த நோயல்ல, தின்று வந்தது. டாக்டர் தம்பிராஜாவுக்கு வேண்டியிருந்ததும் அப்படியொரு பிராணிதான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையை வெட்டிக் குடலை மாற்றித் தைத்த ஒரு நோயாளிக்கு, சர்க்கரையும் சேர்ந்து மறைந்ததைப் பார்த்துவிட்டார். அது அவரை உட்கார விடவில்லை. மனிதன்மேல் கத்தி வைக்குமுன் குரங்கிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கொல்லையில் கூண்டு வைத்தார். முதல் குரங்கு தையல் பிரிந்து செத்தது. அன்று அஞ்சலை சோறு தொடவில்லை.

அவளுக்கு இதில் சொந்த வழக்கும் உண்டு. கணவன் மருதமுத்துவுக்கும் இதே நோய். கால்விரல்கள் போய்விட்டன, பாதமாவது தங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கொரங்குக்குச் சரியானா எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வழி பொறக்கும்" என்பாள். "குரங்குக்குச் சரியெண்டா மனுசருக்கும் சரியெண்டு இல்லை, அஞ்சலை" என்பார் டாக்டர். அதில் பாதிதான் அவள் காதில் விழும்.

சோதனைக் குழாயில் நீல மருந்தோடு குரங்கின் சிறுநீரைச் சொட்டிக் கொதிக்கவைப்பது அவள் வேலை. சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும், இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். தொந்தியப்பனுக்கு அறுவை முடிந்து புண் ஆறியபின் குழாய் நீலத்திலேயே நின்றது. "நீலம், டாக்டர்!" என்று அவள் போட்ட கூச்சலில் கோயில் மணி கெட்டது போங்கள்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே இனிப்பு வழங்கியது. கம்போங் செட்டிக் குடியிருப்புத் தோழி ஒருத்தி, உள்ளே மலாக்கா வெல்லம் உருகும் பச்சை மாவுருண்டைகளை இலையில் மடித்துத் தந்தாள். அஞ்சலை அதை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்கு வந்தாள். நாட்டுக்கே நல்ல நாள், ஒருவனை மட்டும் பார்க்கவைத்துத் தின்பதா? தொந்தியப்பனுக்கும் பங்கு போயிற்று.

அன்று குழாய் செங்கல்லாகச் சிவந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் பிழைச்சுப் போச்சு" என்றார்.

"பொழச்சிருச்சா! நல்லதாப் போச்சு டாக்டர்" என்று அஞ்சலை கைகூப்பினாள்.

"பிழையாப் போச்சு எண்டு சொல்லுறன். நாளைக்கு இந்தக் குரங்கை மயக்கிச் சாகவிட்டு, வயித்தைத் திறந்து பாக்கவேணும். அதோட இந்த வேலையை விட்டிடுவம்."

குழாய் சிவந்தது தன் உருண்டையால் என்று அஞ்சலைக்கு அப்போதுதான் உறைத்தது. கூண்டுக்குள் வாழைப்பழம் எறிந்ததற்காகவே இவளுக்கு முன்னிருந்தவனின் சீட்டைக் கிழித்தவர் டாக்டர். வாயை மூடிக்கொண்டால் வேலை மிஞ்சும். மூடவில்லை, அவள் குணம் அது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெல்லக் கறையை அவர் முன்னால் விரித்தாள்.

"அவன் மேல தப்பில்ல டாக்டர். நான்தான் குடுத்தேன். என்னைய வேணும்னா வெளிய அனுப்புங்க. அவனக் கொன்னுறாதீங்க, ஒங்க வேலையையும் விட்றாதீங்க."

டாக்டர் கறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கள்ளம் சொல்லாமல் விட்டியே, அதுவே போதும். இனிமேல் சீலையை உதறிப்போட்டு உள்ளுக்கு வா" என்றார்.

வெல்லம் கழிந்ததும் குழாய் மறுபடி நீலமானது. மருதமுத்துவின் பாதத்தைப் பற்றி டாக்டர் இன்னும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் வேலை முடியும் நேரத்தில் அவன் ஊன்றுகோலோடு வேலிக்கு வெளியே வந்து நின்று, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். அஞ்சலை அன்றைய குழாயைக் கொட்டாமல் எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவன் கண்ணுக்குத் தெரியும்படி வெயிலில் உயர்த்திப் பிடிப்பாள்.