கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ராமாத்தாளுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு பரீட்சை வந்தது. 1996 ஜூலையில், நியூஜெர்சிக்கு வடக்கே மலைமேல் இருக்கும் ஏரியில். ஓடையை மறித்து மனிதர் உண்டாக்கிய ஏரிதான். ஆனால் சுற்றிலும் மரமும் பாறையுமாக, உலகம் பிறந்த நாளிலிருந்தே கிடப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். படகு விடலாம், மீன் பிடிக்கலாம், கரையில் கறி சுடலாம். கயிறு கட்டிய இடம்வரை யாரும் குளிக்கலாம். அதைத் தாண்ட வேண்டுமானால் நீந்திக் காட்டி, கையில் பச்சைப் பட்டை வாங்க வேண்டும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று பார்த்துவிட்டு, ராமாத்தாள் கணவனிடம் வந்தாள்.

"ஏனுங்க, இது மாடு குளிப்பாட்டற தண்ணி. எனக்கு அந்தப் பட்டை வேணும்."

மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் மயில்சாமிக்கு நீச்சல் தெரியாது.

"சும்மா இரு புள்ள. ஆபீஸ்காரங்க எல்லாம் வந்திருக்காங்க."

"அவங்களும் பாக்கட்டும்."

காவலுக்கு இருந்தவள் ஜென்னி என்ற கல்லூரிப் பெண். நான்கு தடவை குறுக்கே நீந்தச் சொன்னாள். கோபிப் பக்கத்துக் கிணற்றில் பழகிய ராமாத்தாளுக்கு அது ஒன்றுமேயில்லை. அடுத்து, ஆழத்தில் இரண்டு நிமிடம் முழுகாமல் இருக்க வேண்டும். கிணற்றில் செய்வதையே செய்தாள்: மல்லாந்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

கை ஆடவில்லை, கால் ஆடவில்லை. ஜென்னி விசில் ஊதினாள். ஏரியில் இருந்த அத்தனை பேரும் கரையேறினார்கள். மூன்று பேர் பாய்ந்து ராமாத்தாளை இழுத்துவந்து மணலில் கிடத்தினார்கள்.

"கால் ஆட்டணுமாம். ஆட்டலைன்னா ஃபெயிலாம்" என்றார் மயில்சாமி.

"முழுகப் போறவதானுங்க கால் ஆட்டுவா. அதைச் சொல்லுங்க அந்தப் புள்ளைகிட்ட."

மயில்சாமி ஜென்னியிடம் 'சாரி' என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ராமாத்தாள் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி சம்மணம், மறுபடி ஃபெயில்.

"ரெண்டு நிமிஷம் ஆட்டித் தொலைச்சா என்ன குறைஞ்சு போகும்?"

"பயமில்லாதவ பயந்த மாதிரி நடிச்சு வாங்கோணுமா? அந்தப் பட்டை எனக்கெதுக்குங்க?"

மூன்றாம் வாரம் ஜென்னி சட்டத்தைச் சற்றே தளர்த்தினாள். கால் ஆட்டாவிட்டாலும் சரி, ராமாத்தாளே போதும் என்று சொல்லும்வரை மிதக்கட்டும் என்றாள். இருபது நிமிடத்தில் ஜென்னியின் காவல் முறை முடிந்தது. அடுத்து வந்தவனிடம், அந்த அம்மாளை இழுத்துவிடாதே, பரீட்சை நடக்கிறது என்று சொல்லிக் கடிகாரத்தைக் கொடுத்தாள். அவன் இன்னொரு அரைமணி பார்த்துவிட்டு, பட்டையை எடுத்துவந்து கட்டிவிட்டான்.

ராமாத்தாள் கயிற்றைத் தாண்டினாள். அங்கேயும் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

மயில்சாமி புளிச்சோற்று டப்பாவைத் தலைக்குமேல் பிடித்தபடி கயிற்றுவரை நடந்துவந்தார்.

"சாப்பிட வா புள்ள."

"நீங்க சாப்பிடுங்க. நான் நாலு மணிக்கு வர்றேன்."

பட்டை இல்லாததால் அவரால் அதற்குமேல் போக முடியவில்லை.