ஒரு ஜோடிச் செருப்பு மிச்சம்

வைகைக் கரையில் இருந்த நெல் சேமிக்கும் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தோரு வயசு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான்.

ஆரம்பத்தில் அது ஓடு போட்ட ஒரே கட்டடமாம். மேலூர்ப் பக்கம் விளைச்சல் கூடக் கூட, ஆற்றை ஒட்டியே ஒவ்வொன்றாகக் கட்டி, நான் பார்த்தபோது ஆறு கட்டடங்கள். பழைய கட்டடத்தின் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடும். எப்போதோ வெள்ளம் நின்ற இடம். ஊறிய நெல் உப்பி, சாக்கு வெடித்து, பின்சுவரையே வெளியே தள்ளிவிட்டது என்பார் மேஸ்திரி. அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவருக்குப் பயம். எனக்கு மாத்திரை டப்பாவைப் பார்த்தால் பயம்.

வண்டு விழுந்த மூட்டைகளுக்கு மருந்து வைப்பது என் பொறுப்பு. கூரை வரை மூட்டைகளை அடுக்கிய அட்டியின் அடியில் மாத்திரைகளை வைத்து, மொத்த அட்டியையும் பெரிய உறையால் மூட வேண்டும். துணிக்குழாயில் ஆற்று மணலை அடைத்து, மணல் பாம்பு என்போம், அதை ஓரமெல்லாம் போட்டு அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் மாத்திரை விஷக்காற்றாகிவிடும். வண்டு, மனுசன் என்று அது பார்க்காது. அதனால் மூடுவதற்கு முன் அட்டியைச் சுற்றி வந்து, மூட்டைகளுக்கு இடையில் உள்ள சந்தில் யாரும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு நல்ல வெயில். நான் சுற்றி வரவில்லை. "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். பதில் இல்லை. மூடச் சொல்லி, கதவைப் பூட்டினேன்.

நெல் சிந்திக் கிடக்கும் இடம் என்று யாரும் செருப்போடு உள்ளே வர மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வாசலில் கிடந்த செருப்புகளை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்கள். ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது. டயர் செருப்பு, புதுசு.

"இது யாருது?" என்றேன்.

"என்னுது இல்ல. எவனும் வேணாம்னா நான் மாட்டிக்கிறேன்."

"என்ன சார், செருப்புக்கும் ஸ்டாக் எடுக்குறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செருப்புக்காரன் உள்ளே இருந்தால்? திறக்கச் சொன்னால், பார்க்காமல் மூடியது வெளியே வந்துவிடும். வேலை போய்விடும். ஆபீஸ் அறைக்குப் போய் உட்கார்ந்து, 'சுற்றிப் பார்த்தேன், ஆள் இல்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காயவில்லை, வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"சார், ஒங்க அப்பாவப் பாத்தீங்களா? மேலூர்லருந்து வந்திருந்தாரே. எம்மகன் எங்கன்னாரு. குடோனுக்குள்ளதான்னு காட்டிவிட்டேன்."

என் அப்பா செருப்புப் போட்டு நான் பார்த்ததே கிடையாது. டவுனுக்கு வருவதற்கென்று வாங்கியிருப்பார்.

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். மணல் பாம்புகளை இழுத்து எறிந்தேன். உறையைத் தூக்கியதும் விஷக்காற்றின் பூண்டு வாடை முகத்தில் அடித்தது. "அப்பா! அப்பா!" சந்துக்குள் தவழ்ந்தேன். "வெளிய வாங்க சார், செத்துப்போவீங்க!" என்று மேஸ்திரி காலைப் பிடித்து இழுத்தார். உள்ளே யாரும் இல்லை.

வாசலில் ஈரக் காலோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"காலெல்லாம் வயச் சேறுய்யா. ஒன் ஆபீஸுக்குள்ள இப்படியா வாரதுன்னு, செருப்ப இங்கன கழட்டிப் போட்டுட்டுக் கழுவப் போனேன். ஆத்துல தண்ணி எங்க இருக்கு? மணலத் தோண்டி ஊத்தெடுத்துக் கழுவிட்டு வாரதுக்கு இம்புட்டு நேரமாயிருச்சு."

நான் வாந்தி எடுத்தேன். அவர் முதுகைத் தடவிவிட்டார். மேஸ்திரி நடந்ததைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்காகவாய்யா அம்புட்டு ஓட்டம் ஓடுன?"

"ஆமாப்பா."

பொய் இல்லை. அவருக்காகத்தான் ஓடினேன். வாட்ச்மேன் வந்து சொல்லியிருக்காவிட்டால், அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.