சென்னம்மாள் ஓட்டிய கிளிகள்

சென்னம்மாளுக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறவள். அப்படிப்பட்டவளை மலைச் சந்தை ஊரான செம்மேட்டில் ஒரு மண்டபத்து முன்வரிசையில், கச்சேரி கேட்க உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் யார் பக்கத்தில்? ராஜேஸ்வரி பக்கத்தில். சென்னம்மாளின் மகள் ரஞ்சிதாவைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் அரியூர்க்கார அம்மாள். நிச்சயத்துக்கு எட்டே நாள்தான் பாக்கி.

வினை போன மாதமே ஆரம்பித்துவிட்டது. சென்னையிலிருந்து சுமித்ரா என்று ஒரு வயலின்காரப் பெண் வந்தாள். மலையின் சத்தங்களைப் பதிவு செய்து கச்சேரியில் ஒலிக்கவிடுவார்களாம். கூடவே வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று மூன்று பேர் நேரில் வாசிப்பார்களாம். "பறவைச் சத்தம் பிடிக்கிற பெட்டிம்மா" என்று சொல்லி, சென்னம்மாளின் சாமைக்காட்டுப் பலாமரத்தில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். மூன்று நாள் அது அங்கேயே தொங்கியது. பறவைச் சத்தம் பிடிக்கிற பெட்டி மனுஷச் சத்தத்தை எதற்குப் பிடிக்கப் போகிறது என்று சென்னம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கிளி ஓட்டுவதில் அந்தக் காட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம். வெறுமனே கத்தினால் தொண்டைதான் வறளும். யார்மேல் கோபமோ அவர் பேரைச் சொல்லிக் கத்தினால் குரல் தானாக எழும்பும். மூன்று நாளும் சென்னம்மாள் கத்தியது ஒரே பேரைத்தான். "ஏய் ராஜேஸ்வரி! எம்புள்ளை வேலைய உட்டுப்போட்டு உம்பட ஊட்டுல உக்காரோணுமா? போடி அக்கட்டால!"

ரஞ்சிதா நாமக்கல்லில் நர்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். சென்னம்மாளின் புருஷன் உடனே தலையாட்டிவிட்டார். மகள் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல இடம் கைநழுவிவிடுமோ என்று சென்னம்மாளும் வாயை மூடிக்கொண்டாள். கிளிகளிடம் மட்டும் மூடவில்லை.

கச்சேரிக்குக் கிளம்பும்போதுதான் ரஞ்சிதா போனில் சிரித்தாள். "அந்தப் பெட்டி எல்லாத்தையுந்தாம்மா புடிக்கும். நீ இருமுனாக்கூடப் புடிக்கும்." கிளி ஓட்டிய கத்தலும் கச்சேரியில் வந்துவிடுமே என்று சென்னம்மாளுக்குப் புரிந்தது. செம்மேடு வரை வந்து அப்படியே நழுவிவிடலாம் என்று பார்த்தாள். சந்தைக்கு வந்திருந்த ராஜேஸ்வரி விட்டால்தானே! "உங்க காட்டுச் சத்தமாமே, வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

முதலில் ஓடைத் தண்ணீர் ஓடியது. அதன்மேல் புல்லாங்குழல் வந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். சென்னம்மாள் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ஏனுங் அண்ணி, ஒடம்பு செரியில்லீங்களா?"

"மூட்டைப்பூச்சியாட்டம் இருக்குதுங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் மூட்டைப்பூச்சி!

அப்புறம் கிளிகள் வந்தன. அவள் காட்டுக் கிளிகளேதான். செல்லோ அடிக்குரலில் முனகியது. இப்போது வரும், இதோ வந்துவிடும் என்று சென்னம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. மனுஷக் குரலை எல்லாம் சுமித்ரா வெட்டி எடுத்துவிட்டாள் போலிருந்தது. பிழைத்தோமடா சாமி என்று மூச்சு விட்டாள்.

ஆனால் கிளிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பத்து, ஐம்பது, நூறு. சாமைக் கதிரைக் கொறிக்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஓட்டத்தான் ஆளில்லை. வயலின்காரி பாட்டுக்கு வாசிக்கிறாள், இவள் வெள்ளாமை போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? கால் தானாக எழுந்தது, வாய் தானாகத் திறந்தது.

"ஹோய்! ஏய் ராஜேஸ்வரி! எம்புள்ளை வேலைய உடோணுமா? போடி அக்கட்டால!"

வயலின் நின்றது. ராஜேஸ்வரி சந்தைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். சென்னம்மாள் பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாண்டில்தான் எட்டிப் பிடித்தாள்.

"எம்பேரைச் சொல்லித்தான் கிளி ஓட்டறீங்களா?"

மழுப்ப இடமில்லை. "ஆமாங்க. புள்ளை நாலு வருசம் படிச்சு வாங்குன வேலைங்க அது. அதை உடச் சொன்னா எனக்கு எரியாதுங்களா? கலியாணம் நின்னாலும் நின்னுட்டுப் போவுதுங்க." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

ராஜேஸ்வரி பையைக் கீழே வைத்தாள்.

"வேலைய உடச் சொன்னது எங்க ஊட்டுக்காரருங்க. நான் வேண்டாமுன்னு சொல்ல நெனைச்சேன், சொல்லலை. நாளைக்கு வெடியால ஊட்டுக்கு வாங்க. நானும் பக்கத்துல நிக்கறேன். இப்பக் கத்துனீங்கல்ல, அதையே கத்துங்க."

குரலைத் தாழ்த்தி, புருஷன் பேரை வாய்விட்டுச் சொன்னாள்.

"பேரை மட்டும் அப்பாசாமின்னு மாத்திக்கங்க."