எண்ணெய் தேய்த்துக் குளித்த கார்

டாக்சியின் ஸ்பீடோமீட்டர் கீச்கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தம் என்னைச் சிராங்கூன் சாலையின் பழைய தீபாவளிக் காலை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்பா ஒரு மரைக்காயர் முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளிக்கு வேகம் என்றால் பயம். ஸ்பீடோமீட்டர் முள் இருபதைத் தாண்டினால் டிரைவரையே மாற்றிவிடுவார். முள்ளைச் சுழற்றும் கேபிளுக்கு அப்பா, மீட்டருக்குள் ஏறிவிடாமலிருக்க, மேல்நுனியை விட்டுவிட்டுத்தான் கிரீஸ் தடவுவார். அன்று அவர் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

"நமக்குச் சோறு போடுற வண்டி, அதுவும் எண்ணெய் தேச்சுக்கட்டும்" என்று அம்மா கேபிள் முழுக்க நல்லெண்ணெயை ஊற்றிவிட்டாள். அப்பா அவசரத்தில் கவனிக்காமல் மாட்டிவிட்டார்.

கோயிலில் இறக்கிவிட முதலாளி எங்களையும் ஏற்றிக்கொண்டார். வழியில் எண்ணெய் மீட்டருக்குள் ஏறி, முள் நாற்பதில் ஒட்டிக்கொண்டது. அப்பா வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். முள் அசையவில்லை. ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது.

முதலாளி அதையே பார்த்தார். "ஏம்ப்பா, நாம நாப்பதுல போறோம். அந்த மாடு எத்தனைல போவுது?"

அம்மா நல்லெண்ணெய் ஊற்றிய உண்மையைச் சொன்னதும், அவர் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது.

"கேபிள் காஞ்சு போச்சுக்கா, எண்ணெய் விடணும் லா" என்றார் டாக்சிக்காரத் தம்பி.

"விடுங்க தம்பி. நல்லெண்ணெய் மட்டும் வேணாம்."